பிங் போகிறது, ஆனால் பேக்நெட் (கட்டடத்தின் ஏசி போன்ற கருவிகள் பேசிக்கொள்ளும் நெட்வொர்க் முறை) கருவிகள் தெரியவில்லை. ஏன்?

கலெக்டர் (கருவிகளின் தரவைத் திரட்டும் மென்பொருள்) ஒரு சப்நெட்டிலும் (நெட்வொர்க்கின் தனிப் பகுதி) ஏசி கன்ட்ரோலர்கள் வேறொன்றிலும் இருந்தால் இப்படித்தான் ஆகும். கருவிகளைத் தேடும் 'ஹூ-இஸ்' அழைப்பு பிராட்காஸ்ட்டாக, அதாவது தன் சப்நெட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் பொதுவாக, போகிறது. ரவுட்டர் அதைத் தாண்ட விடாது. பிங் தனி முகவரிக்குப் போவதால் தடையில்லை.

கன்ட்ரோலர்கள் இருக்கும் சப்நெட்டில் ஒரு கருவியில் பிபிஎம்டி-யை (பிராட்காஸ்ட்டை சப்நெட் தாண்டிக் கடத்தும் வசதி) இயக்கி, கலெக்டரை அதில் ஃபாரின் டிவைஸாக (வேறு சப்நெட்டிலிருந்து சேரும் கருவியாக) பதியுங்கள். ஃபயர்வாலில் யுடிபி போர்ட் 47808 இரு திசையிலும் திறந்திருக்க வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம்: கலெக்டர் ஓடும் அதே கணினியில் வேறொரு பேக்நெட் மென்பொருள் ஓடினால் போர்ட்டை அது பிடித்துக்கொள்ளும். முதலில் அதை மூடுங்கள்.

கருவிகள் தெரிந்ததும் எல்லாப் பாயின்ட்டையும் (வெப்பநிலை, விசிறி நிலை போன்ற ஒவ்வொரு மதிப்பையும்) நொடிக்கொரு தரம் படிக்காதீர்கள். 38400 பாட் வேகத்தில் ஓடும் எம்எஸ்/டிபி லைன் (கன்ட்ரோலர்களை இணைக்கும் பேக்நெட் சீரியல் கேபிள்) திணறி, டைம்அவுட் குவியும். அறை வெப்பநிலைக்கு 5 நிமிடம் தாராளம். விசிறி ஓடுகிறதா என்பதற்கு சிஓவி சந்தா (மதிப்பு மாறும்போது கருவியே தகவல் அனுப்பும் ஏற்பாடு) போடுங்கள். அதன் காலம் முடியுமுன் கலெக்டர் புதுப்பிக்கிறதா என்றும் பாருங்கள்.