வீட்டு அலமாரியில் உள்ள புத்தகங்களைப் பார்த்து ஒருவர் வாழ்க்கையைச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். அலமாரி என்பது எந்தக் காலத்தில் எது தேவைப்பட்டது, எதற்கு ஆசைப்பட்டோம் என்பதன் கணக்கு. புத்தகத்தை ஏதோ ஒரு தேவைக்கு வாங்குகிறோம். தேவை தீர்ந்த பிறகும் எடைக்குப் போட மனம் வருவதில்லை. பீரோவில் உள்ள பட்டுப்புடவைகள் மாதிரிதான். எது யார் கல்யாணத்துக்கு எடுத்தது என்று அம்மா சொல்லிவிடுவார்.

வேலூர்ப் பக்கத்து வீடுகளில் தடித்த உடற்கூறியல் புத்தகம் இருந்தால், யாரோ நர்சிங் படித்திருக்கலாம். டிஎன்பிஎஸ்சி வழிகாட்டிகள் வருட வாரியாக வரிசையில் நின்றால், அரசு வேலைக்காக எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்று கேட்காமலே புரியும். வாணியம்பாடியில் தமிழும் உருதுவும் ஒரே தட்டில் இருப்பதைப் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது முதல் பக்கம். பழைய புத்தகத்தில் ஊதா மையில் கடை முத்திரை இருக்கிறதா பாருங்கள். 'வ.ஆ. மாவட்டம்' என்று இருந்தால் பெரும்பாலும் 1989க்கு முன் வாங்கியது. வட ஆற்காடு அந்த ஆண்டுதான் பிரிக்கப்பட்டது. 632 என்று தொடங்கும் பின்கோடும் சேர்ந்திருந்தால் 1972க்கு முந்தையது அல்ல, ஏனென்றால் பின்கோடே அப்போதுதான் வந்தது. (கடைக்காரர் புது முத்திரை செய்யச் சோம்பல்பட்டிருந்தால் கணக்கு கொஞ்சம் பிசகும்.) அப்புறம், 'அன்புடன்' என்று கையெழுத்து இருந்தால் அது கொடுத்தவரின் ரசனை.

அலமாரி காலி என்றால் படிக்காத வீடு என்று நினைப்பது தவறு. நூலகத்தில் எடுத்துப் படிப்பவர் வீட்டில் ஒரு தட்டுகூட நிறையாமல் இருக்கலாம்.