மணலில் புதைந்த கோயில்: கடல்தான் காரணமா?

கேள்வி: மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள சாளுவன்குப்பம் முருகன் கோயில் மணலுக்கடியில், கற்கள் சிதறிய நிலையில் கிடைத்தது. அதைக் கடல்தான் அழித்தது என்று சொல்லிவிடலாமா? எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பதில்: மணல் இருப்பது மட்டும் போதாது. 2004 சுனாமி அங்கே பாறைக் கல்வெட்டுகளை வெளிக்காட்டியது. அடுத்த ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, பல்லவர் காலக் கருங்கல் கோயிலுக்குக் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயில் தெரிந்தது. ஆகவே ஒவ்வொரு கட்டடமும் எப்படி விழுந்தது என்று தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

முதலில் கல்லின் அடியைப் பாருங்கள். விழுந்த கல் நேராகத் தளத்தின் மேல் கிடந்தால், கோயில் புழக்கத்தில் இருந்தபோதோ கைவிடப்பட்ட சிறிது காலத்திலோ விழுந்திருக்கும். நடுவே அரையடி மண் படிந்திருந்தால், ஆள் நடமாட்டம் நின்று, அந்த மண் சேர்ந்த பிறகே சுவர் சரிந்திருக்கிறது. அதனால் எந்தக் கல்லையும் நகர்த்தும் முன் எண்ணிட்டு, இடம், மட்டம், சாய்வு, செதுக்கிய முகம் எந்தப் பக்கம் என்பதைக் குறித்துவிட வேண்டும். தூக்கிய பின் இவற்றை மீட்க வழியே இல்லை.

அடுத்து, விழுந்த ஒழுங்கு. கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் சியூஸ் கோயில் தூண்களின் உருளைத் துண்டுகள் அடுக்கு குலையாமல் வரிசையாகச் சாய்ந்து கிடக்கின்றன. நிலநடுக்கத்தின் அடையாளமாக அதைக் கொள்கிறார்கள். நல்ல கற்கள் மட்டும் காணாமல் போய், அடித்தளம் இருந்த இடத்தில் தளர்ந்த மண் நிரம்பிய பள்ளம் இருந்தால், பிற்காலத்தவர் கல் பெயர்த்த இடம் அது. இந்தப் பள்ளத்தைத் தனி அடுக்காகப் பிரிக்காவிட்டால், அதில் விழுந்த புதிய பானை ஓடு பழைய தளத்தின் காலத்தையே மாற்றிவிடும். எலி வளையும் மரவேரும் இதே குழப்பத்தைச் செய்யும்.

மணலைப் படிக்கக் குழிச்சுவரைக் கரணையால் (கொத்தனார் கரண்டி) செங்குத்தாகச் சீவி, லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். அடுக்குகளின் நிறம் பிரியும். காற்று சேர்த்த மணல் ஒரே அளவு நுண்மணியாக இருக்கும். கடல் வெள்ளம் கொண்டுவந்ததில் அடிவிளிம்பு அரித்த கோடாகத் தெரியும்; உடைந்த சிப்பி, பெயர்ந்த களிமண் கட்டி, கடல் நுண்ணுயிர் ஓடுகள் கலந்திருக்கும்; பெருமணி கீழும் சிறுமணி மேலுமாகப் படிந்திருக்கும். ஆனால் இது புயலா சுனாமியா என்று ஒரே குழியை வைத்துச் சொல்வது அவசரம். கரையிலிருந்து உள்நோக்கிப் பல குழிகளில் அந்த அடுக்கு எவ்வளவு தூரம் தொடர்கிறது, எங்கே மெலிகிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

காலம் தெரிய, கல்லுக்கு மேலும் கீழும் உள்ள மணலில் எஃகுக் குழாயை அடித்து, வெளிச்சம் படாமல் மூடி எடுங்கள். மணல் கடைசியாக வெயில் கண்ட காலத்தை ஆய்வகம் கணிக்கும். இரண்டுக்கும் இடைப்பட்டதே கல் விழுந்த காலம். குழாயின் இரு முனை மணலும் வெளிச்சம் பட்டிருக்கும். நடுப்பகுதியைத்தான் காலக்கணிப்புக்கு எடுப்பார்கள் என்பதால் குழாய் நிறைய அடைத்து எடுங்கள்.