டீச்சர் பதில்கள்: முட்டுக்கட்டைக்காரர் எங்கே?

எனக்கு 36 வயது. ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. காலை ஐந்துக்கு எழுந்தால் படுக்க இரவு பதினொன்று ஆகிறது. இரண்டு பிள்ளைகள், மாமியாருக்குச் சர்க்கரை. ஆபீஸில் எல்லாரும் சேர்ந்தார்கள் என்று சனி, ஞாயிறில் ஆன்லைன் படிப்பு வேறு. ‘நிதானமாப் போயேன்’ என்று வீட்டுக்காரர் சொன்னாலே எரிச்சல் வருகிறது. என் முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறாரா? – வாசகி, ஓசூர்

கடைசி வரியில் முட்டுக்கட்டை என்று எழுதியிருக்கிறாயே, அதற்காகவே உன் கடிதத்தை முதலில் எடுத்தேன் அம்மாடி. ஊரெல்லாம் அதை வசவாகச் சொல்கிறது. நான் திருவாரூர்க்காரி. எங்களுக்கு அது ஒரு வேலை.

எங்கள் தியாகராஜர் கோயில் ஆழித்தேர் 96 அடி உயரம். அலங்காரம் முடிந்து நிற்கும்போது சுமார் 300 டன். அதை அசைப்பதுதான் பெரிய காரியம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள், அசைந்துவிடும். அசைந்த பிறகுதான் பயமே. என் தாய்மாமா தச்சு வேலை செய்தவர். தேரன்று சக்கரத்தை ஒட்டியே புளியங்கட்டையும் கையுமாக நடப்பார். ஆப்பு மாதிரி செதுக்கிய கட்டை. உருண்டு வருகிற சக்கரத்துக்கு அடியில் அதைக் கொடுக்க வேண்டும். சக்கரம் அதில் ஏறி அமுங்கும்போது தேர் மட்டுப்படும். வீதி முனை வந்தால் இன்னும் பாடு. இரும்புத் தகட்டில் கிரீஸைத் தடவிப் போட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு கட்டை என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்துத் தேரைத் திருப்புவார்கள். இப்போது திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது. இருந்தும் கட்டைக்காரர்கள் கூடவே நடக்கிறார்கள்.

“உருளும்போதே கொடுக்கணும். ஓட ஆரம்பிச்ச பிறகு கொடுத்தா கட்டைதான் சிதறும்” என்பார் மாமா. கொடுத்த கட்டையை உடனே எடுக்கவும் வேண்டும். தேர் நிலைக்கு வந்து சேர வேண்டுமே, நடுவீதியில் நிற்கவா இழுக்கிறோம்? ஒரு தேருக்கு நூற்றுக்கணக்கில் கட்டை செலவாகும். நசுங்கியதை எடுத்துப் பார்த்தால் நார் நாராக இருக்கும்.

உன் கடிதத்துக்கு வருகிறேன். பிள்ளைகள், மாமியார், சம்பளம் – மூன்றிலும் கை வைக்க முடியாது. அந்தச் சனி, ஞாயிறு படிப்பு? என்ன படிப்பு என்று பெயர்கூட நீ எழுதவில்லை. எல்லாரும் சேர்ந்தார்கள் என்றுதான் எழுதியிருக்கிறாய். அதை ஆறு மாதம் தள்ளிப் போடு. கட்டிய பணம் போனால் போகட்டும், அதுதான் நசுங்குகிற கட்டை.

அப்புறம் உன் வீட்டுக்காரர். நிதானம் என்று சொன்னதில் தப்பில்லை. ஆனால் முட்டுக்கட்டை போடுகிறவன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும். காலையில் தன் அம்மாவுக்குச் சர்க்கரை பார்ப்பது, பிள்ளைகள் டிபன் கட்டுவது, இந்த இரண்டையும் அவர் எடுத்துக்கொள்ளட்டும். கையில் கட்டை இல்லாமல் யோசனை மட்டும் சொல்கிறவரை எங்கள் ஊரில் ‘ஓரமா நில்லுங்க’ என்றுதான் சொல்வோம். இந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டு.

ஓய்வுபெற்று மூன்று மாதம் ஆகிறது. தினமும் 10,000 அடி நடக்க வேண்டும் என்று மகன் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தான். முதல் நாளே நடந்து முடித்தேன். நான்காம் நாள் முழங்கால் வீங்கிவிட்டது. – வாசகர், பட்டுக்கோட்டை

சார், அந்த 10,000 வேதவாக்கு இல்லை. 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் ‘மான்போ கெய்’. பத்தாயிரம் அடி எண்ணி என்று அர்த்தம். எண்ணிக்கை அப்படி விற்பனைக்கு வந்து பரவியதுதான். நாற்பது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்த முழங்காலிடம் நான்கு நாளில் பாக்கி வசூலித்தால் அது வீங்காமல் என்ன செய்யும்? முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். வீக்கம் வடிந்து அவர் சரி என்றதும் தெருமுனை வரை போய்த் திரும்புங்கள். வேகத்துக்குக் கடிகாரம் வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். (எனக்கு நின்றாலும் பாட வராது. அது வேறு விஷயம்.)

எல்லாருக்கும் நிதானம் போதிக்கிறீர்களே, நீங்கள் நிதானமானவர்தானா? – வாசகர், திண்டுக்கல்

மாட்டிவிட்டீர்களே! இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில் 180 அரையாண்டு விடைத்தாள்களை இரண்டே ராத்திரியில் திருத்தி, முதல் ஆளாக ஒப்படைத்தேன். ஸ்டாஃப் ரூமில் ஒரே பெருமை. மறுநாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே வந்து நின்றாள். “டீச்சர், எனக்குத் தமிழ்ல பதினேழா?” தாளை வாங்கி மறுபடி கூட்டினேன். 71. தூக்கக் கலக்கத்தில் திருப்பி எழுதியிருக்கிறேன். அவள் அப்பா அதற்குள் முதுகில் இரண்டு வைத்திருந்தார். வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அதற்கப்புறம் ஒரு நாளைக்கு 20 தாள், இரவு ஒன்பதுக்கு மேல் சிவப்பு மையைத் தொடுவதில்லை. எப்போதும் கடைசியாகத் தாள்களை ஒப்படைப்பவள் நான்தான். தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத பருவத்தேர்வே கிடையாது.

அந்தப் பெண் இப்போது எங்கள் ஊரிலேயே ஒரு வங்கியில் இருக்கிறாள். பென்ஷன் எடுக்கப் போனால் ரூபாயை எண்ணி முடித்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை எண்ணுகிறாள்.