கோயில் மலருக்கு வந்த நோட்டீஸ்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு முருகன் கோயிலின் செயலாளர் நான். தைப்பூசக் காவடி மலரின் அட்டையில், இணையத்தில் கிடைத்த தேர்ப் படமொன்றைப் போட்டோம். தேர் வேறொரு கோயிலுடையது. படத்தில் பெயரோ உரிமைக் குறியோ இல்லை. மலரை இலவசமாகத்தான் கொடுத்தோம். இப்போது டர்பன் புகைப்படக்காரர் ஒருவர் 18,000 ராண்ட் கேட்டு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: பணத்தை உடனே கட்டிவிடாதீர்கள், நோட்டீஸைக் கிடப்பிலும் போடாதீர்கள்.

குறி இல்லை என்பது உங்களைக் காப்பாற்றாது. தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்ததுமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்யத் தேவையில்லை. இலவசம் என்பதும் உதவாது. அனுமதி கேட்காமல் பயன்படுத்த 12ஆம் பிரிவு சொந்தப் படிப்பு, ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவற்றுக்குத்தான் இடம் தருகிறது. பின்னட்டையில் கடை விளம்பரம் வேறு இருந்திருக்குமே (விளம்பரம் இல்லாத கோயில் மலரை நான் பார்த்ததில்லை).

ஆனால், நோட்டீஸ் அனுப்பியவர்தான் உரிமையாளரா? 21ஆம் பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்து, அல்லது கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, புகைப்படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை அவருக்கே சேரும்; கேமரா பிடித்தவருக்கு அல்ல. திருவிழாவைப் படமெடுக்க அந்தக் கோயில் இவரை அமர்த்தியிருந்தால், இவருடைய கோரிக்கைக்குக் கால் இல்லை. அப்போது நீங்கள் பேச வேண்டியது அந்தக் கோயில் நிர்வாகத்திடம். முதலில் அவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அவர் தாமாகவே எடுத்த படம் என்றால் பணம் கொடுக்கத்தான் வேண்டும். தொகை மட்டும் பேச்சுக்கு உரியது. 24ஆம் பிரிவின்படி, நஷ்ட ஈட்டுக்குப் பதிலாக நியாயமான உரிமத் தொகையை நீதிமன்றம் விதிக்கலாம். அதாவது, இப்படிப்பட்ட பயன்பாட்டுக்கு வழக்கமாக என்ன விலையோ அது. எனவே படத்தின் மூலக் கோப்பையும், இதே போன்ற வேலைக்கு அவர் முன்பு போட்ட பில்களையும் கேளுங்கள். "எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று தலைப்பிட்டு, நோட்டீஸில் குறித்த கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள். மீதிப் பிரதிகளைக் கொடுப்பதை நிறுத்துங்கள். ஃபேஸ்புக்கில் மலரை ஏற்றியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

மலரில் திருப்புகழ் இருக்கிறதா? அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டுக்காரர். பாடலுக்கு யாரும் உரிமை கோர முடியாது. இளையவர்களுக்காக ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்திருந்தால் அது வேறு கணக்கு. மொழிபெயர்த்தவர் உயிரோடு இருந்தாலும், இறந்து 50 ஆண்டுகள் ஆகாவிட்டாலும், அதற்கும் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.