அப்பாவின் டிரங்குப் பெட்டியும் 2 லட்சம் ரூபாய்த் தபால்தலையும்

கேள்வி: என் அப்பா ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவில் ஹவில்தாராக இருந்தவர். அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, 1980இல் அந்தப் படைப்பிரிவுக்காக வெளியான 30 காசு தபால்தலைகள் கொஞ்சமும் இரண்டு முதல் நாள் உறைகளும் (தலை வெளியான அன்றே அதை ஒட்டி முத்திரை குத்திய உறைகள்) கிடைத்தன. படம் எடுத்து இணையத்தில் போட்டேன். ஒருவர் 2 லட்சம் தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் 6,500 ரூபாய் அனுப்புங்கள் என்கிறார். ரிசர்வ் வங்கிச் சான்றிதழும் காட்டுகிறார். நம்பலாமா? உறைகளை லேமினேட் செய்துவிடலாம் என்கிறான் மகன்.
- வாசகி, பெருந்துறை

பதில்: பணம் அனுப்பாதீர்கள் அம்மா. மற்றதைப் பிறகு பேசலாம்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்கூட மாட்டைப் பல் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். உங்கள் ஆள் பொருளைக் கையில் வாங்கிப் பார்க்கவே இல்லை; அதற்குள் 2 லட்சம்! வாங்குகிறவன் விற்கிறவரிடம் பணம் கேட்டால், அவன் வாங்க வந்தவன் அல்ல. அந்தச் சான்றிதழைக் கிழித்துப் போடலாம். தபால்தலை அஞ்சல் துறையின் சரக்கு, அதில் ரிசர்வ் வங்கிக்கு வேலையே இல்லை. பழைய நோட்டு, நாணயம் விற்றுத் தருவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் பறிக்கிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்திருக்கிறது. 6,500 கொடுத்தால் அடுத்து ஜி.எஸ்.டி. கேட்பார்கள், அதற்கடுத்து கூரியர் காப்பீடு. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள்.

இனி விலை. 1780இல் தொடங்கிய படைப்பிரிவு அது. பெங்களூருவில் தலைமையிடம், வீரர்களுக்குச் செல்லப்பெயர் ‘தம்பி’. 200 ஆண்டு நிறைவுக்கு வெளியான உங்கள் தபால்தலை எனக்கும் பிடித்த ஒன்றுதான். ஆனால் நினைவுத் தபால்தலைகளை லட்சக்கணக்கில் அச்சடிக்கிறார்கள். வாங்கியவர்களில் பாதிப் பேர் உங்கள் அப்பாவைப் போலவே பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். எல்லோரிடமும் இருக்கும் பொருளுக்கு என்ன விலை கிடைக்கும்? ஒரு தலையை விற்றால் ஒரு டீ குடிக்கலாம், அவ்வளவுதான். 2005இல் வந்த தீரன் சின்னமலை தபால்தலையைக் கட்டுக்கட்டாக வாங்கி வைத்துக்கொண்டு இன்றும் என்னிடம் விலை கேட்கிறவர்கள் நம் பக்கத்தில் உண்டு. ஐந்து ரூபாய்த் தலை அது, கடிதத்தில் ஒட்டுங்கள் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். விலைப்பட்டியல் புத்தகத்தைக் காட்டிப் பேசுகிறவர்களிடமும் கவனம் தேவை. அதிலிருப்பது கடைக்காரர் விற்கும் விலை. உங்களிடம் வாங்கும்போது அதில் ஒரு துண்டுதான் தருவார்.

ஆனால் அந்தப் பெட்டியின் அடியில் அப்பா எழுதிய கடிதங்கள் இருக்கின்றனவா? நீங்கள் எழுதவில்லை. எல்லோரும் தபால்தலையைப் படம் எடுக்கிறார்கள், கடிதக் கட்டைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். ‘56 ஏ.பி.ஓ.’, ‘99 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவத் தபால் நிலைய முகவரி உங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்திருக்கும். அந்தக் கடிதங்களின் முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்காது, எஃப்.பி.ஓ. (களத் தபால் நிலையம்) என்று போட்டு ஓர் எண்ணும் தேதியும் மட்டும் இருக்கும். படை எங்கே நிற்கிறது என்று வெளியே தெரியக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தேதி 1971 டிசம்பர் என்றிருந்தால், அது வங்கதேசப் போர் நடந்த மாதம். அந்த ஒரு கடிதத்துக்கு உங்கள் மொத்தத் தபால்தலையையும்விட அதிக மதிப்புக் கிடைக்கலாம். குடும்பத்தில் மூத்தவர் யாராவது ஐ.நா. படையில் காசாவுக்குப் போயிருந்தால் இன்னும் விசேஷம். அங்கிருந்த நம் வீரர்களுக்காக 1965இல் நேரு உருவம் போட்ட 15 காசு தலையின் மேல் ‘யு.என்.இ.எஃப்.’ (ஐ.நா. அவசரப் படை) என்று ஆங்கில எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். காங்கோவுக்குப் போன நம் வீரர்களுக்கும் 1962இல் இதேபோல் மேலே அச்சடித்த வேறு தலைகள் கொடுத்தார்கள். தலை மட்டும் தனியாக இருந்தால் பெரிய விஷயம் இல்லை. மேல் அச்சைப் போலியாக அடிப்பதும் எளிது. அங்கிருந்து முத்திரை குத்தப்பட்டு வந்த முழு உறைதான் சரக்கு. எனவே உறையிலிருந்து எதையும் வெட்டாதீர்கள், தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள்.

மதிப்புப் போட்டுக் கொடுக்கும்படி அஞ்சலகத்தில் கேட்காதீர்கள். விற்ற தலையை அவர்கள் திரும்ப வாங்குவதில்லை. சின்ன ஊர்க் கவுண்டர்களில் நினைவுத் தபால்தலையைக் கேட்டாலே ஏற இறங்கப் பார்க்கிறார்கள். போன மாதம் ஓர் அஞ்சலகத்தில் நான் கையோடு கொண்டுபோன தலைகளை ஒட்டித்தான் அனுப்புவேன் என்று மன்றாடியும், பார்கோடு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட்டார்கள். தபால்தலை வெளியிடும் துறைக்கே அதைக் கடிதத்தில் ஒட்டப் பிடிக்கவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

மகனை லேமினேஷன் இயந்திரத்தின் பக்கமே விடாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்கவே முடியாது. சேகரிப்பவர் யாரும் தொடமாட்டார். செலோடேப்பும் கூடாது. தலைகளின் பின்புறம் பசை இருப்பதால் ஐப்பசி மழை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் நடுவே பட்டர் பேப்பர் வைத்து, உறைகளோடு ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, சுவரைத் தொடாத அலமாரியில் வையுங்கள். அப்பாவின் பெயர், படை எண், எந்த வருடம் எங்கே இருந்தார் என்பதைத் தனித் தாளில் எழுதி உள்ளே போடுங்கள். உறையின் மேல் எழுதிவிடாதீர்கள். அந்த ஆள் திரும்ப அழைத்தால், நேரில் வந்து பணத்தை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.