ஓடையைத் தாண்ட ஒரு பாலம்: வாசகர் கேள்வி – பதில்

மலை நகரங்களில் நடைவழியும் மிதிவண்டி வழியும் அமைப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாலங்களைப் பற்றியே கேட்கின்றன. அவற்றில் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் குடியிருப்புக்கும் பள்ளிக்கும் நடுவே ஓர் ஓடை ஓடுகிறது. பிள்ளைகள் பேருந்து போகும் சாலையில் சுற்றிக்கொண்டு போகிறார்கள். நடந்து செல்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் ஒரு பாலம் கேட்டு நகராட்சிக்கு மனுக் கொடுக்க இருக்கிறோம். ஓடை மிகக் குறுகலாக இருக்கும் இடத்தைத்தான் எல்லாரும் காட்டுகிறார்கள். அது சரியான இடம்தானா?
– வாசகி, குன்னூர்

குறுகலான இடத்தில் பாலத்தின் நீளமும் செலவும் குறையும் என்பது உண்மை. ஆனால், மலையில் ஓடை குறுகிப் பாயும் இடம் பெரும்பாலும் பள்ளத்தின் அடியில் இருக்கும். அங்கே பாலத்தைப் போட்டால் அதற்கு இறங்கவும், கடந்தபின் ஏறவும் வேண்டியிருக்கும். அந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் படிக்கட்டாகக் கட்டிவிட்டால் சைக்கிளும், குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டியும், சக்கர நாற்காலியும், முழங்கால் வலியுள்ள பாட்டியும் பழைய சாலைக்கே திரும்பிவிடுவார்கள்.

சாய்தளமாகக் கட்டுவதென்றால் கணக்கு வேறு. 3 மீட்டர் உயர வேறுபாட்டை, சைக்கிளை மிதித்துக்கொண்டே ஏறக்கூடிய 20-க்கு 1 என்ற சரிவில் கடக்க 60 மீட்டர் நீளம் வேண்டும். சக்கர நாற்காலிக்கு உச்சவரம்பாகக் கொள்ளப்படும் 12-க்கு 1 சரிவில் 36 மீட்டர் போதும். இடையிடையே இளைப்பாறும் சமதளங்களைச் சேர்த்தால் ஏறத்தாழ 40 மீட்டர் ஆகும். இந்த 12-க்கு 1 எவ்வளவு செங்குத்து என்பதைக் குன்னூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கல்லாறிலிருந்து உங்கள் ஊர் வரை மலை ரயில் ஏறும் மிகக் கடினமான ஏற்றம் ஏறத்தாழ அதுதான். அதை ஏறுவதற்குத் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினுக்குப் பற்சக்கரம் மாட்டியிருக்கிறார்கள். புத்தகப் பையைச் சுமந்துகொண்டு சைக்கிள் மிதிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது.

எனவே பாலத்துக்கு இடம் தேடும்போது ஓடையின் அகலத்தை மட்டும் பார்க்காமல் சரிவின் சம உயரக் கோட்டையும், அதாவது சரிவில் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோட்டையும், பார்க்க வேண்டும். கொடைக்கானலில் வாடகை சைக்கிள் எடுப்பவர்களில் பெரும்பாலோர் ஏரியைச் சுற்றியே ஓட்டுவதற்கு அழகு மட்டும் காரணமல்ல. ஏறத்தாழ 5 கி.மீ. நீளமுள்ள அந்தச் சாலை நீர்மட்டத்தை ஒட்டியே செல்வதால் மூச்சு வாங்குவதில்லை. அதுபோல உங்கள் குடியிருப்பின் மட்டத்திலிருந்து ஏறாமல் இறங்காமல் சரிவை ஒட்டியே நடந்து பாருங்கள். அந்த மட்டம் ஓடையை எங்கே சந்திக்கிறதோ, எதிர்க்கரையில் பள்ளி வழியின் மட்டம் அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அந்த இடமே பாலத்துக்குரிய இடம். அங்கே பாலம் 12 மீட்டருக்குப் பதில் 30 மீட்டர் நீளமாகலாம். அந்தக் கூடுதல் செலவில் ஒரு பகுதி, கட்டாமல் விடும் சாய்தளங்களிலும் தாங்குசுவர்களிலும் திரும்பி வந்துவிடும். மனுவோடு இரு கரைகளின் உயரங்களையும் குறித்த ஒரு கைவரைபடத்தை இணைத்துவிடுங்கள். வெறும் கோரிக்கையை ஒதுக்குவதுபோல அளவுகளை எளிதில் ஒதுக்க முடியாது.

காங்கிரீட் பாலத்தைவிடத் தொங்குபாலம் அழகாகவும் மலிவாகவும் இருக்குமே? சுற்றுலாப் பயணிகளையும் ஈர்க்குமே?
– வாசகர், உதகமண்டலம்

அழகைப் பற்றி விவாதிக்கவில்லை. அதிர்வைப் பற்றிச் சொல்கிறேன். நடப்பவர் ஒவ்வோர் அடியிலும் பாலத்தைக் கீழே அழுத்துவதோடு, இடக்காலும் வலக்காலும் மாறும்போது பக்கவாட்டிலும் சிறிது தள்ளுகிறார். இந்தப் பக்கத் தள்ளல் ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை நேர்கிறது. பாலம் தன்னியல்பாக அசையும் வேகமும் அதற்கு அருகில் இருந்தால், சிறிதாகத் தொடங்கிய ஆட்டத்துக்கு ஏற்ப மக்கள் தம்மை அறியாமலேயே கால்களை அகட்டி வைத்து நடக்க, ஆட்டம் மேலும் வளர்கிறது. 2000-ஆம் ஆண்டு ஜூன் 10 அன்று இலண்டனில் தேம்ஸ் ஆற்றின் மேல் திறக்கப்பட்ட மில்லேனியம் நடைபாலத்தில் இதுவே நடந்தது. அது இரண்டே நாளில் மூடப்பட்டு, அதிர்வடக்கிகள் பொருத்தப்பட்ட பின்னர் 2002-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. தேர்ந்த பொறியாளர்கள் கட்டிய பாலம் அது.

சுமையும் சிறியதல்ல. கூட்டம் நெருக்கியடிக்கக்கூடிய நடைபாலத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று கணக்கிடுவது நம் நாட்டு வழக்கம். 30 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள பாலத்துக்கு அது 45 டன் ஆகிறது. மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நடக்கும் ஞாயிற்றுக்கிழமையன்று உங்கள் ஊரில் அந்தச் சுமை ஏட்டுக் கணக்காக மட்டும் இருக்காது.

பராமரிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று குஜராத்தின் மோர்பியில் பழைய தொங்குபாலம் அறுந்து 135 பேர் இறந்தார்கள். புதுப்பிக்கப்பட்டுத் திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதன்மை வடம் ஒன்றின் 49 கம்பிகளில் 22 துருப்பிடித்திருந்ததையும், மரப்பலகைகளுக்குப் பதிலாக அலுமினியத் தளம் போட்டதால் பாலத்தின் சொந்த எடையே கூடியிருந்ததையும் விசாரணை சுட்டிக்காட்டியது. கம்பிவடத்தின் உள்ளே நடக்கும் துரு கண்ணுக்குத் தெரியாது. மாதக்கணக்கில் மூடுபனி படியும் ஊரில் அது விரைவாகவும் நடக்கும். ஆண்டுதோறும் வடங்களைச் சோதிக்க ஆளும் நிதியும் ஒதுக்கும் உறுதி இல்லாத உள்ளாட்சி தொங்குபாலம் கட்டக்கூடாது என்பது என் கருத்து. 30 மீட்டர் அளவுக்கு, துத்தநாக முலாம் பூசிய எளிய எஃகுச் சட்டப் பாலமே போதும்.

நடைபாலம் கட்டினால் அடுத்த நாளே பைக்குகள் ஓடத் தொடங்கிவிடுமே! தடுப்புக் கம்பிகள் வைத்தால் போதாதா?
– வாசகர், கோத்தகிரி

போதாது. சக்கர நாற்காலி நுழைய ஏறத்தாழ 90 செ.மீ. இடைவெளி வேண்டும், மோட்டார் சைக்கிளின் கைப்பிடி அகலமோ பெரும்பாலும் 80 செ.மீ.க்குள் அடங்கிவிடும். மாற்றுத்திறனாளியை உள்ளே விடுகிற எந்த இடைவெளியும் பைக்கையும் உள்ளே விடும். நம் ஊர்களில் இதற்குத் தீர்வாக இடைவெளியை 50 செ.மீ. ஆக்கிவிடுகிறார்கள், பைக்காரர் எப்படியாவது சாய்த்து நுழைத்துவிடுகிறார், நாற்காலிக்காரர்தான் வெளியே நிற்கிறார்.

வண்டிக்குக் குறுக்குவழியாகப் பயன்படும் பாலத்தில் வண்டி வரத்தான் செய்யும். ஆகவே பாலத்தின் இரு முனைகளையும் தார்ச்சாலையில் நேராகக் கொண்டுபோய் முடிக்காமல், நடைவழிகளில் கொண்டு சேர்ப்பது நல்லது. ஆட்டோவும் காரும் ஏறாமலிருக்க நடுவில் ஒரு தூண் போதும். பராமரிப்பு வண்டி வரும்போது கழற்றும்படி அதை அமைக்க வேண்டும். மற்றது உள்ளூர்க் காவல்துறையின் பாடு.

கன்னியாகுமரியில் கட்டியதுபோல எங்கள் ஊரிலும் கண்ணாடிப் பாலம் வருமா?
– வாசகர், கொடைக்கானல்

2024 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்த 77 மீட்டர் பாலம், விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கிறது. அங்கே போகிறவர்கள் பார்ப்பதற்காகவே போகிறார்கள். பால்காரரும் பள்ளிப் பிள்ளையும் தினமும் நடக்கும் வழிக்குக் கண்ணாடி எதற்கு? உங்கள் ஊரில் பாதி நாள் கீழே பனிமூட்டம்தான் தெரியும்.

ஓடையின் நடுவே தூண் வைக்கலாமா? தளத்துக்கு மரப்பலகை போடலாமா? எங்கள் பகுதியில் காட்டெருமை நடமாட்டமும் உண்டு.
– வாசகி, அரவங்காடு

நடுவே தூண் வேண்டாம். 2009 நவம்பரில் உங்களுக்கு அடுத்த கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.யையும் தாண்டியது. அத்தகைய நாளில் மலை ஓடை தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை. வேரோடு பெயர்ந்த சில்வர் ஓக் மரங்களையும் பாறைகளையும் உருட்டி வருகிறது. தூணில் ஒரு மரம் குறுக்கே மாட்டினால், அடுத்தடுத்து வருபவை அதன்மேல் அடைந்து பாலமே அணையாகிவிடும். கரையிலிருந்து கரைக்கு ஒரே தாவலாகக் கட்டி, நினைவில் உள்ள உச்ச வெள்ளத்துக்கு மேல் ஒரு மீட்டராவது இடைவெளி விடுவது நல்லது. அந்த உச்சம் எதுவரை வந்தது என்பதைக் கரையோரத்தில் குடியிருக்கும் முதியவர்களிடம் கேட்டுச் சுவரில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மரப்பலகை உலர்ந்த ஊருக்குப் பொருந்தும். உங்கள் பகுதியில் ஒரே பருவத்தில் பாசி பிடித்து வழுக்கும். பலகைகளை நீளவாக்கில் பதித்தால் இடைவெளியில் சைக்கிள் சக்கரம் சிக்கும். துடைப்பத்தால் கீறிச் சொரசொரப்பாக்கிய காங்கிரீட் தளம் பார்க்க எளிமையானதுதான், ஆனால் காலை நழுவவிடாது. பக்கக் கைப்பிடிகள், சைக்கிளில் இருப்பவர் தடுமாறினாலும் மேலாகக் கவிழ்ந்துவிடாதபடி 1.4 மீட்டர் உயரம் இருக்கட்டும்.

காட்டெருமையைப் பற்றி நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. திட்ட அறிக்கைகளில் அதற்கு இடமே இருப்பதில்லை. முழு வளர்ச்சியடைந்த கிடா ஒரு டன் எடைவரை வரும். பரவலான சுமையைப் பாலம் தாங்கினாலும், அந்த எடை நான்கு குளம்புகளில் ஒருங்கே இறங்குவதைத் தளம் தாங்குமா என்று பொறியாளரைத் தனியாகக் கணக்கிடச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், பாலத்தில் கால் வைப்பதற்கு முன்பே மறுமுனை முழுவதும் தெரிய வேண்டும். பாலத்தின் நடுவே அதை எதிர்கொண்டால் விலகி நிற்க இடமில்லை. எனவே பாலத்தை வளைத்துக் கட்டாமல் நேராகக் கட்டி, முனைகளில் வளரும் புதரை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விளக்குகள் தளத்தை மட்டும் நோக்கித் தாழ்வாக எரியட்டும். ஓடையின் மேல் வெளிச்சம் பாய்ச்சினால் இரவில் தண்ணீருக்கு வருகிற விலங்குகள் வேறு வழி தேடும், அந்த வழி உங்கள் கொல்லைப்புறமாகக்கூட இருக்கலாம்.