டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: பதிப்புக்குப் பதிப்பு இடிக்கும் இடங்கள்

கேள்வி: அண்ணா, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைச் சாகச விளையாட்டின் 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பைப் படிக்கிறேன். அந்த 'தாக்கோ' கணக்கு தலைசுற்றுகிறது. கவசம் உயர உயர ஏசி (கவச மதிப்பு) எண் குறைகிறதே?

பதில்: தாக்கோவைத் 'தாக்கு' என்று நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். எதிரியின் ஏசி பூஜ்யம் என்றால், அடி விழ இருபது முகப் பகடையில் எவ்வளவு வேண்டும் என்பதுதான் அந்த எண். அதிலிருந்து எதிரியின் ஏசியைக் கழியுங்கள். தாக்கோ 17, எதிரி செயின் மெயிலும் கேடயமும் போட்டு ஏசி 4 என்றால், 13 வேண்டும். ஏசி −2 என்றால் 19. இங்கேதான் பலர் கூட்டாமல் கழித்து 15 என்று சொல்லிவிடுகிறார்கள்.

கவசம் உயர ஏசியும் உயரும் ஏறுவரிசைக்கு மாற்ற, தாக்கோ, ஏசி இரண்டையும் 20-இலிருந்து கழித்தால் போதும்: தாக்குதல் போனஸ் +3, ஏசி 16. தேவைப்படுவது அதே 13.

கேள்வி: 1981-இல் வந்த பேசிக் பதிப்பின் சாகசங்களையும் இதே மாதிரி ஐந்தாம் பதிப்புக்கு மாற்றலாமா?

பதில்: முதல் சிக்கல், பேசிக்கில் கவசமில்லாதவரின் ஏசி 10 அல்ல, 9. ஆகவே 19-இலிருந்து கழிக்க வேண்டும். ஆனால் அது சின்ன விஷயம். எண்ணை மாற்றுவதே வீண் வேலை. ஐந்தாம் பதிப்பின் பிராணிக் கையேடான 2014 மான்ஸ்டர் மேனுவலில் அதே பிராணியை எடுத்து வைத்துவிட்டு, தலைக்கணக்கைக் குறையுங்கள்.

பேசிக்கில் கோப்ளின் என்ற குட்டி அரக்கனுக்கு ஹெச்பி (உயிர்ப் புள்ளி) சராசரி மூன்று, நான்கு. 2014 கோப்ளினுக்கு ஏசி 15, ஹெச்பி 7, அடித்தால் ஆறு முகப் பகடையோடு +2. அடித்த கையோடு ஒளிந்தும் கொள்ளும். பழைய சாகசம் 'எட்டு கோப்ளின்கள்' என்கிறது. தலைக்கு 50 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), எட்டுக்கு 400, கூட்டத்துக்கான 2.5 பெருக்கல் போட்டால் 1000. முதல் லெவல் நால்வருக்கு 'டெட்லி' (உயிராபத்து) எல்லையே 400தான்! மூன்று கோப்ளின் வைத்தால் 150, பெருக்கல் 2 போட்டு 300, 'ஹார்ட்' (கடினம்). அது போதும்.

இன்னொன்று, பேசிக்கில் மீட்டுவந்த தங்கக்காசு ஒன்றுக்கு ஒரு எக்ஸ்பி. அதனால் ஆட்டக்காரர்கள் சண்டையைத் தவிர்த்து, ஏமாற்றி, அள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஐந்தில் கொன்றால்தான் எக்ஸ்பி என்று வைத்தால் அறைக்கு அறை வாளை உருவுவார்கள், சாகசம் படுத்துவிடும். புதையலை வெளியே கொண்டுவந்தால் லெவல் என்று ஆட்டத்தை நடத்தும் டிஎம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: 3.0 பதிப்பின் மந்திரப் புத்தகத்தை, அதைத் திருத்தி வந்த 3.5 பதிப்பு மேஜையில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். பெயர் ஒன்றே, சரக்கு வேறு. வலிமை கூட்டும் 'புல்ஸ் ஸ்ட்ரெங்த்' 3.0-இல் லெவலுக்கு ஒரு மணி நேரம் நிற்கும், 3.5-இல் ஒரு நிமிடம். வேகம் கூட்டும் பழைய 'ஹேஸ்ட்' போட்டவர் ஒரே சுற்றில் இரண்டாவது மந்திரமும் வீசலாம். 2003-இல் வந்த 3.5-இல் அதை வெட்டினார்கள், நல்லதுதான்.

கேள்வி: நான்காம் பதிப்பில் ஒரு சண்டைக்கே மாலை முழுதும் போகிறது.

பதில்: 2008 மான்ஸ்டர் மேனுவலை வைத்து ஆடுகிறீர்கள் போல. அதில் பிராணிகள் சாகவும் மாட்டா, சரியாக அடிக்கவும் மாட்டா. 2010-இல் வந்த மூன்றாம் மேனுவலில் அடியைக் கூட்டினார்கள்: சாதாரணப் பிராணியின் சராசரி அடி 8, அதோடு அதன் லெவல். பழைய பிராணிக்கும் அதையே போடுங்கள். அப்படியும் இழுத்தால் ஹெச்பியைப் பாதியாக்குங்கள்.

கேள்வி: 2014 கேரக்டரை 2024 மேஜைக்குக் கொண்டுபோகிறேன் சார். எதை மாற்ற?

பதில்: எபிலிட்டி போனஸை (வலிமை, அறிவு போன்ற எண்களுக்கான கூடுதலை) இரண்டு முறை கூட்டுவதுதான் வழக்கமான தவறு. 2024-இல் அது இனத்தோடு அல்ல, கேரக்டரின் முன்வாழ்க்கையான பேக்கிரவுண்டோடு வருகிறது. பழைய இனத்தில் உள்ளதை அடித்துவிட்டு, பழைய பேக்கிரவுண்டுக்கு +2, +1 அல்லது மூன்று +1 போடுங்கள்; அதில் ஃபீட் (தனித்திறன்) இல்லையென்றால் ஓர் ஆரிஜின் ஃபீட் எடுக்கலாம். சப்கிளாஸ் (கிளாஸுக்குள் தேர்ந்தெடுக்கும் உட்பிரிவு) எல்லோருக்கும் மூன்றாம் லெவலில்தான். ஒரே பெயரில் இரண்டு மந்திரம் இருந்தால் புதியதே செல்லும்: காயம் ஆற்றும் 'க்யூர் வூண்ட்ஸ்' முதல் லெவலிலேயே இரண்டு எட்டு முகப் பகடை.